பயமுறுத்துவது கதையா, கதைக்குள் வரும் பெரியவர்களா?

டிஸ்டோபியா நாவல் என்றால், பாழாய்ப்போன ஒரு காலத்தைப் பற்றிய கதை. கொடுங்கோல் அரசு, அழிந்த ஊர்கள், எங்கு பார்த்தாலும் கண்காணிப்பு... பதின்ம வயதுக்காரர்களுக்கென்றே இப்படி நிறைய நாவல்கள் வந்திருக்கின்றன. பலவற்றைப் படித்துவிட்டு "வெறும் கதைதானே" என்று மூடி வைத்துவிடலாம். சில மட்டும் அப்படி விடாது. "நடந்தாலும் நடக்கும் போலிருக்கே" என்று ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும்.

அப்படி ஒரு புத்தகம் வந்துவிட்டால் சண்டையும் கூடவே வரும். பெரியவர்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டே கேள்விகள். இதெல்லாம் நடக்குமா? சின்னப் பிள்ளைகளை இப்படிப் பயமுறுத்தலாமா? இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்தக் கதைகளில் நிஜமாகவே பயமுறுத்துவது எது என்று பார்த்தால், விடை வேறு எங்கோ இருக்கிறது. மூன்று புத்தகங்களைப் பாருங்கள்.

முதலாவது ஜெர்மனியிலிருந்து. 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது. அடுத்த ஆண்டே, 1987ல், குட்ரூன் பௌசெவாங் 'டீ வோல்கே' என்ற நாவலை எழுதினார். தலைப்புக்கு 'மேகம்' என்று பொருள். அவர் கற்பனை ஊர் எதையும் தேடிப் போகவில்லை. பவேரியாவில் அப்போது நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்த கிராஃபென்ரைன்ஃபெல்ட் அணு உலையில் விபத்து நடப்பதாக எழுதினார். 14 வயது யான்னா-பெர்ட்டா தன் தம்பியோடு சைக்கிளில் தப்பி ஓடுகிறாள். வழியில் தம்பி கார் மோதி இறக்கிறான். அவளுக்குக் கதிர்வீச்சால் தலைமுடி கொட்டிவிடுகிறது.

இந்தப் புத்தகம் ஜெர்மன் பள்ளிகளில் பரவலாகப் படிக்கப்பட்டது. பிள்ளைகளிடம் பீதியைக் கிளப்புகிறது என்ற கண்டனமும் கூடவே வந்தது. எதிர்த்தவர்களிடம் ஒரு வலுவான வாதமும் இருந்தது. செர்னோபில் உலை வேறு வகை, ஜெர்மன் உலைகளைச் சுற்றி கசிவைத் தடுக்கும் பலமான கட்டுமானம் உண்டு, இங்கே அப்படி நடக்காது என்றார்கள். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் அப்படிப்பட்ட கட்டுமானம் இருந்தும் கதிர்வீச்சு வெளியே வந்தது. இன்னொரு பக்கம், கிராஃபென்ரைன்ஃபெல்ட் உலையில் கதையில் வந்தது போன்ற விபத்து கடைசிவரை நடக்கவே இல்லை. 2015ல் அதை மூடிவிட்டார்கள். ஜோசியமாகப் பார்த்தால், நாவல் தோற்றுவிட்டது என்றே சொல்லலாம்.

ஆனால் அந்த நாவலின் கடைசிக் காட்சியைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வெளியூரில் விடுமுறையில் இருந்த தாத்தாவும் பாட்டியும் திரும்பி வருகிறார்கள். தங்கள் குடும்பத்தில் யார் யார் செத்தார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. தாத்தா பேச ஆரம்பிக்கிறார். எல்லாரும் ஊதிப் பெரிதாக்குகிறார்கள், இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்கிற மாதிரி. யான்னா-பெர்ட்டா தொப்பியைக் கழற்றுகிறாள். உள்ளே மொட்டைத் தலை. அதற்குப் பிறகுதான் பேசத் தொடங்குகிறாள்.

உலை வெடிப்பதை விட அந்தத் தாத்தாதான் நம்பும்படி இருக்கிறார். அப்படி ஒருவர் எல்லா வீட்டிலும் உண்டு. "பீதியைக் கிளப்புகிறது" என்று புத்தகத்தைத் திட்டியவர்கள் பேசியதும் ஏறக்குறைய அவர் வசனத்தைத்தான் :-)

இரண்டாவது, அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லோரியின் 'தி கிவர்'. 1993ல் வந்தது. அடுத்த ஆண்டு நியூபெரி பதக்கம் வாங்கியது. இதில் குண்டும் இல்லை, பசியும் இல்லை. எல்லாரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். 12 வயதானதும் யாருக்கு என்ன வேலை என்று பெரியவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். வலி தரும் பழைய நினைவுகள் யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்று, அவற்றை ஒரே ஒரு ஆள் எல்லாருக்காகவும் சுமக்கிறார். அடுத்து அந்தச் சுமை சிறுவன் ஜோனஸுக்கு.

ஜோனஸின் அப்பா குழந்தைகளைப் பராமரிப்பவர். ரொம்ப அன்பானவர். இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் எடை குறைந்ததை 'விடுவித்து' விடுவது அங்கே வழக்கம். அப்படியென்றால் என்ன என்று ஜோனஸ் ஒரு பதிவில் பார்க்கிறான். அப்பா கொஞ்சிக்கொண்டே ஊசி போடுகிறார். குழந்தை செத்துப்போகிறது.

இந்தக் காட்சியைக் காட்டித்தான் அமெரிக்காவில் பல பெற்றோர்கள் புத்தகத்தைப் பள்ளியிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிள்ளைகளுக்கு வலிக்கக்கூடாது என்று நினைத்தவர்கள். ஆனால் கதையில் வரும் ஊரும் அதைத்தானே செய்கிறது? வலிக்கும் விஷயத்தை எல்லாரிடமிருந்தும் எடுத்து ஒரு ஓரத்தில் பூட்டி வைப்பதைத்தானே!

மூன்றாவது எல்லாருக்கும் தெரிந்தது. சுசான் காலின்ஸ் 2008ல் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்'. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கொல்வதைத் தலைநகரமே டிவியில் ரசித்துப் பார்க்கிறது. டிவியில் சேனல் மாற்றிக்கொண்டிருந்தபோது ஒன்றில் போட்டி நிகழ்ச்சியும் இன்னொன்றில் ஈராக் போரும் ஓட, இரண்டும் கலந்துபோய் இந்தக் கதை தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆக, எதிர்காலத்திலிருந்து எடுத்தது இல்லை. அன்றைக்கு ஓடிய டிவியிலிருந்து எடுத்தது.

2013ல் இரண்டாவது படம் வந்தபோது ஒரு பெரிய அழகுசாதன கம்பெனி, அந்தத் தலைநகரின் பெயரிலேயே மேக்கப் வரிசை ஒன்றை விற்றது. கதையில் பிள்ளைகள் சாவதை வேடிக்கை பார்க்கும் அதே கூட்டத்தின் அலங்காரம்! இதை விடப் பொருத்தமான வாசகர் எதிர்வினை கிடைக்காது.

ஆனால் வேறு விதமாகப் படித்தவர்களும் இருந்தார்கள். கதையில் மூன்று விரல்களை உதட்டில் வைத்து உயர்த்துவது ஒரு மரியாதை. நன்றி, பாராட்டு, அன்பானவருக்கு விடை, எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். 2014 மே மாதம் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அந்த மூன்று விரல்கள் தெருவுக்கு வந்தன. நவம்பரில் ஐந்து மாணவர்கள் பிரதமர் பிரயுத்தின் எதிரிலேயே நின்று விரல்களை உயர்த்த, அவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2021ல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, பிப்ரவரி 26 அன்று அந்நாட்டுத் தூதர் ஐ.நா. பொதுச்சபையில் தன் பேச்சை முடித்துவிட்டு அதே மூன்று விரல்களை உயர்த்தினார்.

அதனால் ராணுவம் பின்வாங்கிவிடவில்லை. மியான்மரில் போராடிய ஏராளமானோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். புத்தகம் துப்பாக்கியைத் தடுக்காது. கதையில் ஜெயித்த மாதிரி நிஜத்திலும் ஜெயிக்கலாம் என்று நம்பி இறங்கினால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஒன்றுமில்லை என்று சொல்லும் தாத்தா, வலியை ஒளித்து வைக்கும் ஊர், வேடிக்கை பார்க்கும் கூட்டம். இந்த மூன்று பேரும் புத்தகத்துக்கு வெளியேயும் இருந்தார்கள், அதுவும் புத்தகம் வந்த உடனேயே. உலையும் ஊசியும் விளையாட்டு மைதானமும் வராமல் போகலாம். இவர்கள் ஏற்கனவே வந்துவிட்டவர்கள். "நடக்கும் போலிருக்கே" என்ற பயம் அங்கிருந்துதான் வருகிறது.

வீட்டில் ஒரு பிள்ளை இப்படி ஒரு புத்தகத்தை முடித்துவிட்டு முகம் வாடி உட்கார்ந்திருந்தால், "இதெல்லாம் நடக்காதுடா, போய்ப் படு" என்று சொல்வது சுலபம். சொல்வதற்கு முன்னால் எந்தப் பக்கத்தில் பயம் வந்தது என்று கேட்டுப் பார்க்கலாம். தொப்பியைக் கழற்றும் அந்தப் பக்கமாக இருந்தால், அது அணு உலையைப் பற்றிய பயமாக மட்டும் இருக்காது.