தையில் போட வேண்டியதும் போடக் கூடாததும்

ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்பது செடியே வளர்க்காதவருக்கும் தெரியும். தைப்பட்டத்துக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை. வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களில் பலர் ஆடியில் பை நிரப்பி விதை போட்டு, பொங்கலோடு அந்த வருஷத்துக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். எனக்கோ மார்கழிப் பனி விலகி வெயில் ஏறத் தொடங்கும் நாட்கள்தான் மாடியில் வேலை மும்முரமாக நடக்கும் நாட்கள். மதுரை வெயிலில் மொட்டைமாடித் தோட்டம் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குச் சித்திரையில் அடுப்படிக்குக் காய் வருமா வராதா என்பது தையிலேயே முடிவாகிவிடும்.

இரண்டு பட்டத்துக்கும் மழை மட்டும் வித்தியாசமில்லை. ஆடியில் முளைத்த செடி வளர வளரப் பகல் சுருங்கிக்கொண்டு வரும், சூடு தணிந்துகொண்டு வரும். தையில் முளைத்த செடிக்குப் பகலும் நீளும், சூடும் ஏறும். ஒரே விதையை ஒரே மண்ணில் போட்டும் பலன் மாறுவது இதனால்தான்.

கொடி அவரையை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தலில் ஏறும் நாட்டு அவரை பூக்க வேண்டுமானால் பகல் சுருங்க வேண்டும். ஆடியில் போட்டது கார்த்திகை, மார்கழியில் கொத்துக் கொத்தாகப் பூத்து, தை முழுக்கக் காய்க்கும். அதே விதையைத் தையில் போட்டுப் பாருங்கள். கொடி கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஓடும், இலை மூடிக்கொண்டு நிற்கும், பூ மட்டும் வராது. "கொடி நல்லாத்தான் இருக்கு, காய் பிடிக்கலை, என்ன உரம் போடலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த மாதம் விதைத்தீர்கள் என்றுதான். சிறகவரைக்கும் இதே குணம் உண்டு. தையில் அவரை சாப்பிட ஆசைப்பட்டால் செடி அவரை போட வேண்டும். பகலின் நீளம் அதற்குப் பொருட்டில்லை.

தக்காளியின் சங்கதி சூட்டைப் பற்றியது. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் போனால் மகரந்தம் வீரியம் இழக்கும். பூ காம்போடு உதிரும். மதுரையில் பங்குனி பிறக்கும்போதே அந்தச் சூடு வந்துவிடும். அதனால் தக்காளிக்கு மார்கழியிலேயே நாற்று விட்டு, தை பிறந்ததும் எடுத்து நட்டுவிடுவேன். மாசிக்குள் பூத்துப் பிஞ்சு பிடித்ததுதான் லாபம். சித்திரையில் கொட்டும் பூவைப் பார்த்து டானிக் வாங்கித் தெளிப்பது காசுக்குக் கேடு. கத்தரி அவ்வளவு செல்லமில்லை. கோடையில் சோர்ந்தாலும், ஆனி கடைசியில் கவாத்து செய்து தொழுவுரம் வைத்தால் ஆடிக் காற்றில் மறுபடி துளிர்க்கும்.

வெயில் ஏற ஏறச் செழிக்கும் கூட்டம் ஒன்று உண்டு: வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை, அப்புறம் கொடிக் காய்கள். தைப்பட்டத்தின் உண்மையான சொந்தக்காரர்கள் இவர்கள்தான். வெண்டை விதையை ஓர் இரவு ஊறவைத்து, வளரப்போகும் பையிலேயே நேராக ஊன்ற வேண்டும். நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அடிபட்டுச் செடி குன்றிவிடும். சுமார் 45 நாளில் காய் பறிக்கலாம். ஒரு எச்சரிக்கை: கோடையில் வெள்ளை ஈ பெருகும், அதுதான் மஞ்சள் தேமலைப் பரப்புவது. இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தால் அந்தச் செடிக்கு வைத்தியம் இல்லை. இரக்கப்படாமல் பிடுங்கிவிடுங்கள், பக்கத்துச் செடிகள் பிழைக்கும்.

கொடிக் காய்களில் கோடைக்கென்று ஒரு தனி வேலை இருக்கிறது. சூடு கூடினால் ஆண்பூ அதிகமாகும், பெண்பூ குறையும். வருகிற பெண்பூவையாவது வீணாக்காமல் இருக்க, எது எப்போது விரியும் என்று தெரிந்திருக்க வேண்டும். பாகலும் பரங்கியும் விடியற்காலையில் விரிபவை. சுரையும் பீர்க்கும் சாயங்காலம் விரிபவை. புடலை இருட்டும் நேரத்தில், ஓரமெல்லாம் நூல் பிரிந்த வெள்ளைப் பூவாக விரியும். காலையில் தேனீ வருகிறதே என்று சும்மா இருந்தால் சுரைக்கு அது போதாது. அந்திக்கு மேல் ஓர் ஆண்பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களை உரித்து, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவே மெல்லத் தடவிவிடுவேன். பூவுக்கு அடியில் குட்டிச் சுரைக்காய் மாதிரி பிஞ்சு இருந்தால் அது பெண்பூ. தடவியது சேர்ந்திருந்தால் சில நாட்களில் காம்பு தடித்துப் பிஞ்சு பெருக்கும். சேராவிட்டால் பிஞ்சு நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கி விழும். பலர் பூச்சி என்று நினைத்து மருந்தைத் தேடும் இடம் இதுதான்.

மாசிக்குப் பிறகு தண்ணீர்க் கணக்கு மாறும். பையிலிருக்கும் மண் நாலு பக்கமும் சூடேறும் என்பதால் மூடாக்கு கட்டாயம். வாழைச்சருகோ வைக்கோலோ காய்ந்த இலையோ, எது கிடைத்தாலும் மண் தெரியாமல் பரப்புங்கள். மதியம் சுரை இலை தொங்குவதைப் பார்த்ததும் குழாயைத் திறக்காதீர்கள். வேர் உறிஞ்சுவதைவிட இலை வேகமாக நீரை விடும் நேரம் அது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள்; ஈரம் தட்டினால் வெயில் தாழ்ந்ததும் இலை தானே நிமிரும். குழாயில் தேங்கிய மதியத் தண்ணீர் வேரைச் சுட்டுவிடும். காலையில் வெயில் ஏறுமுன் ஊற்றுவதே செடிக்கு நல்லது. கத்தரி வெயில் நாட்களுக்கு 50 சதவீத நிழல்வலை போதும், அதற்கு மேல் மறைத்தால் காய் குறையும். பஞ்சகவ்யா தெளிப்பவர்கள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து சாயங்காலம் தெளிக்கலாம். ஆனால் பட்டம் தவறிப் போட்ட செடியைப் பஞ்சகவ்யாவும் காப்பாற்றாது.

தைப்பட்டத்தின் இன்னொரு பலன் விதை. ஆடி அவரையின் கடைசிக் காய்கள் மாசியில் கொடியிலேயே காய்ந்து நெற்றாகும். அவற்றை உரித்துச் சாம்பலில் புரட்டி எடுத்து வைக்கலாம். தையில் போட்ட வெண்டையில் நோயில்லாத செடி ஒன்றில் ஒன்றிரண்டு காயை முற்ற விட்டால், சித்திரை வெயில் அதைக் காயவைத்து ஆடிக்கு விதையாக்கித் தரும். பாக்கெட்டில் எஃப்1 என்று போட்ட வீரிய ஒட்டு ரகங்களில் இது பலிக்காது, அடுத்த தலைமுறை தாயைப் போல வராது. நாட்டு ரகம் வாங்குங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்தத் தையில் மூன்று பை போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் வெண்டை, ஒன்றில் கொத்தவரை, ஒன்றில் தண்டுக்கீரை. யாராவது கொடி அவரை விதை கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வாங்கி, மேலே 'ஆடி' என்று எழுதி, டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.