திருப்பாச்சேத்தி அரிவாளும் பழைய லாரிப் பட்டையும்

மலிவாகக் கிடைத்ததென்று சந்தையில் வாங்கிய அரிவாள், சீமைக்கருவேலம் வெட்டிய முதல் நாளே வாய் மடங்கிவிட்டது. வெட்ட வந்த ஆளின் கூலியும் வீண். அதனால் இந்த முறை, மதுரையிலிருந்து மானாமதுரை போகும் சாலையில் இருக்கும் திருப்பாச்சேத்திக்கே போய்விட்டேன். அரிவாளுக்குப் பேர்போன சிவகங்கை மாவட்டத்து ஊர் அது.

பட்டறை வாசலில் அரிவாளைவிடப் பழைய லாரிப் பட்டைகள்தான் அதிகம் கிடந்தன. பாரத்துக்கு வளைந்து நிமிரும் அந்தப் பட்டையில் கார்பன் சுமார் 0.5 முதல் 0.6 சதவிகிதம் இருக்கும். சாதாரண இரும்புத் தகட்டில் 0.25-க்குள்தான், அதை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் வெட்டுவாய் நிற்காது.

"எதை வெட்டப் போறீங்க?" என்று முதலில் கேட்டார் ஆசாரி. கருவேலம் என்றதும் கனமான பட்டையாக எடுத்தார். மயிரிழை விரிசல் தெரிந்த துண்டை ஒதுக்கினார். அடித்து முடித்து, வாயைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தோய்த்தார். அரம் போட்டார், வழுக்கியது.

"இப்படியே குடுத்தா கல்லுல பட்டதும் தெறிச்சிரும்" என்று மறுபடி இளஞ்சூடு காட்டி, வாயில் பழுப்பு நிறம் படர்ந்ததும் எடுத்தார்.

அந்த அரிவாள் இன்றும் உழைக்கிறது. அடுத்த முறை அரிவாள் வாங்கும்போது, விலைக்கு முன்னால் "இது என்ன இரும்பு அண்ணே?" என்று கேளுங்கள்.