மூவர் சென்ற வண்டி

“செல்லனையும் கூட்டிக்கொண்டு போவதானால் வருகிறேன், இல்லையென்றால் இன்னும் பத்து வருடம் போகட்டும்” என்றாள் என் மனைவி.

செல்லன் எங்கள் நாய். போகவேண்டிய ஊர் ஈச்சிலம்பற்று. அது அவள் பிறந்த ஊர். திருகோணமலைக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், வெருகல் ஆற்றை அணுகும் கரையோரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே போவதென்றால் துறைக்குத் துறை இறங்கி, மிதவைப் பாதைக்குக் காத்திருந்து, ஏறிக் கடந்து, மீண்டும் பஸ் பிடிக்கவேண்டும். இன்றோ துறைகளில் பாலங்கள் நிற்கின்றன. காலையில் பஸ் ஏறினால் மாலையில் வீடு திரும்பிவிடலாம். அப்படியிருந்தும் 2006-ஆம் ஆண்டில் அந்த ஊரை விட்டு வந்தவள் அதன்பின் ஒருமுறையேனும் போகவில்லை. நானும் வற்புறுத்தியதில்லை. இப்போது அவளே வாய் திறந்தபோது, குறுக்கே நின்றது நாய் ஒன்றுதான். நாயைப் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். வாடகைக்கு வாகனம் வைத்திருப்போரும், நாய் என்றதும் இருக்கை பழுதாகிவிடும் என்று பின்வாங்கினார்கள்.

இந்த நெருக்கடியில்தான் வயல் செய்யும் என் தமையனாரின் லான்ட்மாஸ்டர் நினைவுக்கு வந்தது. நம் நாட்டு உழவர் வீடுகளில் இதனை அறியாதார் இல்லை. முன்னே இரண்டு சக்கரமும் ஓர் எஞ்சினும், பின்னே ஒரு பெட்டி. நீண்ட கைபிடிகளைப் பற்றிக்கொண்டு, பெட்டியின் முகப்பில் அமர்ந்து ஓட்டவேண்டும். மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் போனால் அது பறக்கிறது என்று பொருள். அந்தப் பெட்டியின்மேல் இரும்புக் குழாய்களை வளைத்து நட்டு, படங்கு விரித்து, வெயில் இறங்காதிருக்க அதன்மேல் கிடுகும் வேய்ந்தோம். உள்ளே பலகை பரப்பிப் பாய் போட்டோம். ஒரு சிறிய அடுப்பு, இரண்டு பானை, ஒரு லாந்தர், தண்ணீர்க் கலன், அரிசி, பருப்பு, கருவாடு ஆகியவை ஏறின. பின்பலகையை ஒட்டி ஒரு சாக்கு விரித்தோம். அது செல்லனுடைய இடம். இரண்டு நாளில் வீடு தயார்.

சக்கரத்தின்மேல் வீடு வைத்து நாயோடு ஊர் சுற்றுவது நாங்கள் கண்டுபிடித்த புதுமை அன்று. ஸ்கொட்லாந்தில் பிறந்த கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற வைத்தியர் 1885-ஆம் ஆண்டில் ‘நாடோடி’ எனப் பொருள்படும் பெயருடைய வண்டி ஒன்றைச் செய்வித்தார். குதிரைகள் இழுக்க, இங்கிலாந்திலிருந்து வடக்கே ஸ்கொட்லாந்து வரை அதிலே பயணம் செய்தார். பெரிய நியூபவுண்ட்லாந்து நாய் ஒன்றும் ஒரு கிளியும் உடன் சென்றன. உல்லாசப் பயணத்துக்கென்று செய்யப்பட்ட வீட்டு வண்டிகளில் முதலாவது அதுவே என்பர். அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்டைன்பெக் 1960-இல் ஒரு சிறிய லொறியின் முதுகில் அறை அமைத்து, சார்லி என்ற நாயுடன் தம் நாட்டைச் சுற்றிவந்து நூல் எழுதினார். நம் நாட்டுக்கே வருவோம். பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளரான லெனாட் வூல்ப், 1905-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இளம் உத்தியோகத்தராக யாழ்ப்பாணம் போனார். அனுராதபுரத்துக்கு வடக்கே புகைவண்டிப் பாதை அப்போது முற்றுப்பெறவில்லை. தபால் மாட்டுவண்டியில் சென்றார். அவருடனும் ஒரு நாய் இருந்தது. அதன் பெயரும் சார்ள்ஸ்தான்!

இவற்றையெல்லாம் படுக்கைப் பலகைக்கு ஆணி அடித்தவாறே மனைவிக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாரும் நாயைத்தான் கூட்டிப் போயிருக்கிறார்கள், பெண்சாதியைக் கூட்டிப் போகவில்லையே” என்றாள். ஸ்டைன்பெக்கின் மனைவி இடையிடையே வந்து சேர்ந்துகொண்டார் என்று அவர் பொருட்டு வாதாடினேன். அவள் ஏற்றுக்கொள்ளவில்லை.

கச்சான் காற்று வீசும் காலம். விடியற்காலை நாலரை மணிக்குப் புறப்பட்டோம். நாயுடன் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் பாதி வழி கடந்துவிடவேண்டும். பெட்டியின் இரும்பு சூடேறினால் மனிதர் காலைத் தூக்கிக்கொள்ளலாம், நாய் என்ன செய்யும்? முதல் அரைமணி நேரம் செல்லன் வண்டியில் இருக்க மறுத்தான். எஞ்சினின் அதிர்வு அவனுக்குப் பிடிக்கவில்லை. குதித்து இறங்கி ஓடிவந்தான். சீனக்குடாவை அடைவதற்குள் களைத்து, தானாகவே முன்கால்களைப் பின்பலகையில் வைத்து, தூக்கிவிடுங்கள் என்பதுபோலப் பார்த்தான். அதன்பின் அவன் இறங்க மறுத்ததே எங்களுக்குத் தொல்லையாயிற்று.

கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம்; 2009-இல் திறக்கப்பட்டது. எங்கள் வேகத்தில் அதைக் கடக்க இரண்டு நிமிடமாயிற்று. வலைகளை உதறிக்கொண்டிருந்த வள்ளங்களையும், நீர்மேல் படிந்த மெல்லிய வெளிச்சத்தையும் நின்று பார்த்ததுபோலவே பார்த்துச் சென்றோம். அப்பால் மகாவலி கங்கை கடலில் கலக்கும் சதுப்பு நிலம். மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் ஆறு இங்கே கண்டல் மரங்களிடையே ஆரவாரமின்றிக் கடலுக்குள் போகிறது. மூதூரில், 1660-ஆம் ஆண்டில் கண்டியரசனின் ஆட்களிடம் அகப்பட்டு, பத்தொன்பது ஆண்டு சிறையிருந்து தப்பிய ரொபேட் நொக்ஸின் பெயரால் ஒரு புளியமரத்தைக் காட்டுவார்கள். எங்களுக்கு அன்று வேண்டியது வரலாறு அன்று, நிழல். வேறொரு மரத்தடியில் நிறுத்திச் சோறு சமைத்தோம். தெருவிலே போன சிறுவர்கள் கூடிவிட்டார்கள். “அன்ரி, இது சர்க்கஸா?” என்று ஒருவன் கேட்டான். என் மனைவி நெடுநாளைக்குப்பின் வாய்விட்டுச் சிரித்தாள்.

அன்றிரவு கிளிவெட்டியில் தெரிந்தவர் வளவில் தங்கினோம். மேலே போகாதீர்கள், பொழுது சாய்ந்தபின் யானை தெருவுக்கு வரும் என்று அவர் தடுத்தது நல்லதாயிற்று.

மறுநாள் பயணத்தில் அவள் பேச்சுக் குறைந்தது. மாவிலாற்று நீர்க்கதவை மூடியதால் எழுந்த பிணக்கு 2006-ஆம் ஆண்டு ஆடியில் போராக மூண்டதைப் பலரும் அறிவர். ஈச்சிலம்பற்று மக்கள் வெருகலைக் கடந்து வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புக்கும் பெயர்ந்தார்கள். 2007-இல் பலர் மீண்டார்கள். அவளுடைய தந்தையார் முகாமிலே காலமாகிவிட்டார். தாயும் மகளும் திருகோணமலையில் உறவினரோடு தங்கிவிட்டார்கள். இவ்வளவும் நான் அறிந்தவை. அறியாத ஒன்றும் இருந்தது. எங்கள் வீட்டில் நாய் கட்டும் கயிறோ சங்கிலியோ ஒருநாளும் இருந்ததில்லை. வாங்கிவந்தால் எங்கேயாவது காணாமற் போய்விடும். காரணத்தை நான் கேட்டதில்லை.

ஈச்சிலம்பற்று என்ற பெயரைக் கேட்கும்போதே ஈச்சஞ்செடியின் முள் காலில் தைப்பதுபோல் எனக்குத் தோன்றும். ஊரோ மென்மையானது. வெண்மணல் ஒழுங்கைகள், பனைகள், எருமைகள் கிடக்கும் நீர்நிலைகள். ஒரு கடையில் சட்டித் தயிர் வாங்கினோம். கத்தியால் வெட்டலாம் போல் உறைந்திருந்தது. கிழக்கே இலங்கைத்துறை முகத்துவாரத்தில் களப்பு கடலோடு சேர்கிறது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை ஏறிய கரை அது.

அவளுடைய வளவில் வீடு இல்லை. கிணறும் ஒரு வேப்பமரமும் நின்றன. அவள் கிணற்றைப் பார்க்கவில்லை. வேப்பமரத்தடியில் போய் நின்றாள். அப்போதுதான் சொன்னாள். அவர்களிடம் செம்பன் என்றொரு நாய் இருந்ததாம். இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று எண்ணி, தெருவில் சனத்தோடு ஓடிக் காணாமற் போய்விடுமே என்று அஞ்சி, தண்ணீரும் சோறும் வைத்து அந்த வேம்பிலே கட்டிவிட்டுப் போனாளாம். “அப்பா வேண்டாமென்றார். நான்தான் இறுக்கிக் கட்டினேன்” என்றாள்.

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. செல்லன் மரத்தைச் சுற்றி மோந்துகொண்டிருந்தான்.

வண்டிச் சத்தம் கேட்டு அயல் வளவிலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். கண்ணுக்குமேல் கைவைத்துப் பார்த்து, “நீ ஆருடைய மகள் பிள்ளை?” என்றார். தந்தையின் பெயரைச் சொன்னதும் அவளைக் கட்டிக்கொண்டார். ஊர்க்கதை எல்லாம் வந்தது. யார் இருக்கிறார், யார் இல்லை என்ற நீண்ட கணக்கு வந்தது. நாயைப் பற்றி என் மனைவி கேட்கவில்லை. செல்லனைக் கண்ட மூதாட்டிதான் தொடங்கினார். “உங்கட சிவத்த நாயை நான் அவிழ்க்கப் பார்த்தேன் பிள்ளை, முடிச்சு வரவில்லை. கத்தி கொண்டுவந்து அறுத்துவிட்டேன். நாங்கள் மறுநாள் விடியத்தான் வெளிக்கிட்டோம். துறைமட்டும் எங்களோடு வந்தது.”

“பிறகு, ஆச்சி?”

“வள்ளத்தில் சனமே ஏற இடமில்லை. கரையில் நின்றது. பிறகு நான் காணவில்லை.”

அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. என் மனைவி அந்த முதிய கைகளை விடாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிற்பகலில் வெருகலுக்குப் போனோம். மகாவலியின் கிளையாகிய வெருகல் ஆற்றங்கரையில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் இருக்கிறது. வீரக்கோன் முதலியின் ‘சித்திரவேலாயுதர் காதல்’ இத்தலத்து முருகனைப் பாடியது. வைகாசி, ஆனியில் வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார்கள் இவ்வழியே வருவார்கள். நாய் வயிரவரின் வாகனமே ஆனாலும் கோயிலுக்குள் விடமாட்டார்கள். ஆகையால் ஒருவர் செல்லனுடன் வெளியே நிற்க, மற்றவர் உள்ளே போய்வந்தோம். நாயுடன் யாத்திரை போகும் தம்பதிகள் சேர்ந்து நின்று கும்பிடும் பாக்கியத்தை இழக்கவேண்டியதுதான். அவள் வெளியே வர நேரமாயிற்று.

வண்டியை ஆற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, மேட்டு நிலத்தில் நிறுத்தினோம். பழைய துறையில் இப்போது பாலம் இருக்கிறது. மருத மரங்கள் நீரின்மேல் கவிந்திருந்தன. தண்ணீர் அசைவின்றிக் கிடந்தது. கோயிலடியில் கச்சான் கடலை விற்றவர் நாயைப் பார்த்துவிட்டு, “ஐயா, இரவில் அதைத் தண்ணிப் பக்கம் விடாதீர்கள். முதலை நாயைத்தான் முதலில் பிடிக்கும்” என்று எச்சரித்தார். எனக்குக் கலக்கமாயிற்று. இரவில் செல்லன் தண்ணீர் குடிக்கப் போவது வழக்கம், பின்பலகையும் உயரமில்லை. படங்கு கட்டிய கயிற்றில் ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. ஆனால் கயிறு என்ற சொல்லை அன்றைக்கு எப்படி வாயெடுப்பது? விழித்திருந்து காவல் செய்வதென்று தீர்மானித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

சோறு உண்டு, லாந்தரைத் தணித்தபின், இருளில் அவள் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.

“அந்தக் கயிற்றுத் துண்டை எடுங்கள்” என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். செல்லனின் கழுத்தைத் தடவி, அதிலே தளர ஒரு வளையம் போட்டாள். மறுமுனையை வண்டியிலே கட்டவில்லை. தன் மணிக்கட்டிலே இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அவனுடைய சாக்கின் பக்கமாகத் தலைவைத்துப் படுத்தாள்.