திருகி அணைக்கும் நெருப்பு

கிள்ளைக்காரர்களாகிய நமக்கு நெருப்பிடம் பயம் குறைவு. பக்கத்திலே எப்போதும் தண்ணீர் இருப்பதால் வந்த துணிவு அது. கழிமுகத்து மணலிலே மூன்று கல் கூட்டி மீன் குழம்பு வைத்தாலும், எழுந்து போகும்போது நாலு வாளி உப்புத் தண்ணீரை மொண்டு ஊற்றினால் தீர்ந்தது. ஈர மணலில் நெருப்பு எங்கே ஓடப் போகிறது?

விறகின் குணமும் நமக்கு அத்துபடி. கந்தூரிக்கும் கலியாணத்துக்கும் நெய்ச்சோறு ஆக்க வரும் பண்டாரி முதலில் கேட்பது சவுக்கு விறகைத்தான். பச்சையாக இருந்தாலும் எரியும். தணல் நெடுநேரம் நிற்கும். தம் போடும்போது மூடியின்மேல் அள்ளி வைக்க அதைவிட நல்ல தணல் இல்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த மரம் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டிலே நிற்கிறது. அதை அடுப்பில் வைக்க நாம் துணிவதில்லை. அதன் பால் கண்ணைக் கெடுக்கும். புகையும் கண்ணை வாட்டும். அதுபோலவே, பங்குனி வெயிலில் சவுக்குத் தோப்புக்குள் எவராவது பீடி பற்றவைத்தால் தோப்புக்காரர் சும்மா விடமாட்டார். ஊசி ஊசியாக உதிர்ந்து மெத்தையாகக் கிடக்கும் அந்தச் சருகுக்கு ஒரு பொறி போதும் என்பது அவருக்குத் தெரியும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது தோளில் பையை மாட்டிக்கொண்டு மலையேறக் கிளம்பிவிட்டார்கள். போகட்டும், இறைவனின் படைப்பைக் கால்நடையாகப் பார்ப்பது நல்லதே. ஆனால் அவர்கள் உடன்கொண்டு செல்வது கடற்கரையிலே பழகிய துணிவு. மலையோ கோடையில் முழுவதும் சவுக்குத் தோப்பு.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு அப்பால், கொழுக்குமலைக்கும் குரங்கணிக்கும் இடைப்பட்ட சரிவிலே இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. பெண்கள் பலர் இருந்த குழு அது. மாண்டவர் 23 பேர். அந்தத் தீ அவர்களுடைய அடுப்பிலிருந்து வந்தது என்று நாம் சொல்லவில்லை. எதனால் மூண்டிருந்தாலும், ஆளுயர உலர்ந்த புல்லில் அது மனிதனைவிட வேகமாக ஓடும் என்பதுதான் கருதத்தக்கது. கீழே எரியும் தீ மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுகிறது. சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரு மடங்கு என்பது காட்டுத் தீயோடு போராடுவோரின் கணக்கு. மலையில் மேல்நோக்கி ஓடித் தப்புவது எத்தனை அரிது என்பதை இதிலிருந்து அறியலாம்.

அதன் பின்னரே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் அரசு 40 மலைப் பாதைகளை முறைப்படி திறந்தது. அவற்றையே 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, தீப் பருவம் என்று மூடி வைத்தது. காப்புக் காட்டில் காட்டுக்கு ஆபத்து நேரும்படி தீ மூட்டுவதை 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது. பிச்சாவரமும் காப்புக் காடுதான்.

எனவே சுள்ளித் தீயா, காஸ் அடுப்பா என்ற கேள்வி நம் பிள்ளைகளுக்கு எழுவது பெரும்பாலும் வெளியிலேதான். இமயமலைப் பக்கம் போகிறவர்கள் உண்டு; வேலை நிமித்தம் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியிருந்து, விடுமுறையில் அங்குள்ள காடுகளில் கூடாரம் அடிப்பவர்களும் உண்டு.

விறகுத் தீயின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது சரியன்று. குளிரில் அது துணை. சீறிக்கொண்டிருக்கும் காஸ் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து இரவெல்லாம் கதை பேசியவர்களை நாம் கண்டதில்லை. ஆனால் விறகுத் தீ அணைந்துவிட்டது என்று எப்போது சொல்வது? மேலே சாம்பல் பூத்துவிடும்; அடியில் மக்கிய சருகிலும் வேரிலும் கனிந்துகொண்டே போய், சில நாள் கழித்து வேறோர் இடத்தில் எழும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையால் சூடு பார்த்த பிறகே அவ்விடம் விட்டு அகல வேண்டும் என்பது விதி. இரண்டு குப்பித் தண்ணீரைச் சுமந்து மலைமுகட்டுக்கு ஏறியவன் அதைக் குடிப்பானா, தணலில் ஊற்றுவானா?

அடுப்பின் சிறப்பு அதன் திருகில் இருக்கிறது. நம் பாட்டிமார் பம்பு அடித்து எரித்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் மூலவடிவம், 1892-இல் சுவீடனில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் செய்த பிரைமஸ். 1953-இல் எவரெஸ்ட்டில் ஹில்லாரிக்கும் டென்சிங்குக்கும் பனியை உருக்கித் தண்ணீர் கொடுத்ததும் அந்த இன அடுப்பே. இன்று அதன் இடத்தில் கையடக்கக் காஸ் குப்பி வந்திருக்கிறது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் தீத்தடையின் முதற்படியிலேயே காட்டில் விறகுத் தீ கூடாது. திருகி அணைக்கக்கூடிய அடுப்பு மட்டும் ஆகும். சுள்ளி அடுப்புக்கும் ஸ்பிரிட் அடுப்புக்கும் பெரும்பாலும் அனுமதி இல்லை. அவற்றில் திருகு இல்லை, ஸ்பிரிட்டின் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை, கவிழ்ந்தால் ஓடும். ஆஸ்திரேலியாவில் முழுத் தீத்தடை நாட்களில் காஸ் அடுப்புக்கே நிபந்தனைகள் இருக்கின்றன: சுற்றிலும் தரை துப்புரவாக இருக்க வேண்டும், தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் அகலாமல் நிற்க வேண்டும்.

இதைக் கேட்டு, காஸ் என்றால் கவலையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. கூடாரமும் காஸ் அடுப்பும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை முஸ்லிம்களாகிய நமக்குப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. 1975 டிசம்பரில் மினாவில் காஸ் சிலிண்டர் வெடித்துப் பரவிய தீயில் சுமார் 200 ஹாஜிகள் மாண்டார்கள். 1997 ஏப்ரல் 15, துல்ஹஜ் பிறை 8 அன்று, அதே மினாவில் பலத்த காற்றில் ஏறக்குறைய 70,000 கூடாரங்கள் எரிந்தன. 343 பேர் ஷஹீதானார்கள். காயமுற்றோர் 1,500-க்கு மேல். நம் நாட்டு ஹாஜிகளும் அவர்களில் இருந்தார்கள். சமையல் காஸ் அடுப்பிலிருந்தே தீ மூண்டது என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அதன் பிறகே தீப்பிடிக்காத கண்ணாடி இழைக் கூடாரங்கள் வந்தன. கூடாரங்களில் காஸ் அடுப்பு தடை செய்யப்பட்டது. இன்று ஹஜ்ஜுக்குப் போகும் நம் குடும்பத்தார் அங்கே அமைதியாக உறங்குவது அந்த 343 பேருக்குப் பின் வந்த ஏற்பாட்டினால்.

தீ மட்டுமல்ல, மூடிய கூடாரத்தில் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சை நிரப்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உறங்குகிறவர் விழிப்பதில்லை. உறங்கப் போகுமுன் வீட்டில் நெருப்பை அணைத்துவிடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருப்பது கூடாரத்துக்கும் பொருந்தாதா என்ன? ஆகவே அடுப்பைக் கூடாரத்துக்கு வெளியே, புல் இல்லாத கல்தரையிலே, காற்று மறைவில் வைக்க வேண்டும். குப்பியை விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள். போகிற ஊரிலே வாங்கிக்கொள்ளலாம்.

சில பெற்றோர், இத்தனை சொல்வதற்குப் பதில் போகாதே என்று தடுத்துவிடலாமே என்பார்கள். தடுத்தால் சொல்லாமல் போவார்கள். சொல்லாமல் போகிறவர்கள் மூடிய பாதையிலும் நுழைவார்கள். வழிகாட்டி இல்லாமல், அனுமதிச் சீட்டு இல்லாமல், சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டியோடு நுழைகிறவனை நினைத்தால்தான் நமக்கு நெஞ்சு பதறுகிறது. அவனிடம் அடுப்பைப் பற்றிப் பேசும் முன்பு, எந்த மாதத்தில் போகிறாய் என்று கேட்க வேண்டும்.

அடுப்பே வேண்டாத பயணமும் நமக்குப் புதிதல்ல. பேரீச்சம்பழம் இருக்கிறது, அவலும் வெல்லமும் இருக்கின்றன, முதல்நாள் இரவே கிளறிய புளிச்சோறு மறுநாள் மாலைவரை தாங்கும். ரொட்டியைச் சுட்டுத் துணியில் கட்டினால் இரண்டு நாளைக்குக் கவலையில்லை. மலைகள் மூடியிருக்கும் அந்த இரண்டு மாதத்தில் ஏதாவது ஒரு காட்டைப் பார்த்தே தீர வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு வீட்டுக்கு அருகிலேயே பிச்சாவரம் இருக்கிறது. சோற்றை வீட்டிலேயே கட்டிக் கொடுத்தனுப்பலாம். காலையில் படகேறினால் வெயில் உச்சிக்கு வருமுன் திரும்பிவிடலாம்.