பற்று நோட்டு

சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் தங்கி வேலை பார்த்த பெண்ணுக்கு மாதச் சம்பளம் 450 வெள்ளி. முதல் எட்டு மாதம் அவள் கையில் நான் கொடுத்தது மாதம் 20 வெள்ளி. இதை எந்த உறவுக்காரரிடமும் நான் சொன்னதில்லை. "நம்ம ஊர்ப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போயி நல்லா வச்சிருந்தா" என்று சாத்தூரிலும் விருதுநகரிலும் எனக்கு நல்ல பேர் இருக்கிறது. அந்தப் பேரைக் கெடுத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

2013-இல் எங்களுக்கு இரண்டாவது குழந்தை. செங்காங்கில் வீடு. கணவரும் நானும் வேலைக்குப் போகிறவர்கள். அக்கம்பக்கத்தில் எல்லார் வீட்டிலும் இந்தோனேசியாவிலிருந்தோ பிலிப்பீன்ஸிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்த பணிப்பெண் இருந்தாள். வயது 23 முதல் 50-க்குள், எட்டு வருடப் படிப்பு, அரசு அனுமதித்த நாட்டுக்காரர் என்று மூன்று நிபந்தனைகள். அந்த நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் உண்டு. அம்மாதான் போனில் சொன்னாள்: "முகம் தெரியாதவளை எதுக்கு வீட்டுக்குள்ள விடுற? வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பிள்ளை இருக்கு. அவ அம்மா நம்ம ஆபீஸ்ல கட்டை அடுக்குனவதான்."

எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றால் மேஜை நாற்காலி போட்ட இடமில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். அப்பா சாத்தூரில் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். அம்மா சொன்ன பெண் எட்டாவது முடித்து, கொஞ்ச நாள் வீட்டில் பெட்டி ஒட்டி, பிறகு பட்டாசு ஆபீஸில் சரம் பின்னப் போனவள். முந்தின வருடம், 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி, முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் நாற்பது பேர் வரை செத்துப்போனார்கள். புகையைப் பார்த்துக் காப்பாற்ற ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. அதற்குப் பிறகு அவளை ஆபீஸுக்கு அனுப்ப வீட்டில் பயந்தார்கள். சிங்கப்பூர் என்றதும் சம்மதித்துவிட்டார்கள்.

நானும் அவளை வெடிமருந்திலிருந்து மீட்டுவிட்டதாகவே நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் அவளிடமும் அடிக்கடி சொன்னேன். பாத்திரம் உடைந்தால் சொன்னேன், குழந்தை அழுதால் சொன்னேன். "அங்க இருந்திருந்தா என்னாகியிருக்கும், யோசிச்சுப் பாரு." இரண்டு வருடமும் நான் செய்த எல்லாவற்றுக்கும் இந்த ஒரு நினைப்பே எனக்கு உரிமைச்சீட்டாக இருந்தது.

அந்த 20 வெள்ளிக் கதைக்கு வருகிறேன். ஏஜென்டு ஒரு பணிப்பெண்ணிடம் வாங்கும் கட்டணம் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது என்று 2011-லிருந்து அங்கே விதி. ஆனால் ஊரில் தரகருக்கு, பாஸ்போர்ட்டுக்கு, டிக்கெட்டுக்கு, மருத்துவச் சோதனைக்கு என்று எழுதப்படும் கடன் அந்த விதிக்குள் வராது. அந்தக் கடனை முதலில் நாங்கள் கட்டிவிட்டு மாதாமாதம் அவள் சம்பளத்தில் பிடித்துக்கொண்டோம். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அவர்களுக்கெல்லாம் அது புதிது. எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊரில் தீபாவளி முடிந்து ஆபீஸ் மறுபடி திறக்கும்போது ஆளுக்கு ஒரு அட்வான்ஸ் கொடுப்பார்கள். வாங்கியவர் அந்த ஆபீஸை விட்டு நகர முடியாது. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று மேலும் மேலும் வாங்கி, கூலியில் கழித்து, தீராமலே அடுத்த தீபாவளி வந்துவிடும். அப்பாவின் மேஜையில் நீளவாக்கில் ஒரு பற்று நோட்டு இருக்கும். சின்ன வயதில் லீவு நாளில் அதில் கூட்டல் கழித்தல் போட்டவள் நான். இந்த முறையை எனக்கு எந்த ஏஜென்டும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

சிங்கப்பூரிலும் நான் ஒரு நோட்டுப் போட்டேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. பற்றுப் பக்கத்தில் என் கையெழுத்தில் வரிசையாக: போன் கார்டு 5, சோப்பு, தலைக்கு எண்ணெய், உடைந்த கண்ணாடிக் கிண்ணம், கோடாலித் தைலம் 3.50. சாப்பாடு, தங்குமிடம், மருத்துவம் எல்லாம் முதலாளியின் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. முதல் தடவை ஆள் வைப்பவர்களுக்கு ஒரு வகுப்பு கட்டாயம். அதைக் கணினியில் முடித்து, இந்தக் கேள்விக்குச் சரியான விடையையும் அழுத்தியிருந்தேன். குழந்தையைத் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்குத் தடவிய தைலத்தை அவள் கணக்கில் எழுதினேன். அரசாங்கத்துக்குக் கட்டும் லெவியைக்கூட மனக்கணக்கில் அவள் சம்பளத்தோடு சேர்த்து, "எனக்கு எவ்வளவு செலவாகுது தெரியுமா?" என்று கேட்டிருக்கிறேன்.

அவள் படுத்தது எங்கள் வீட்டுப் பாதுகாப்பறையில். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து கட்டப்பட்ட அடுக்குமாடி வீடுகளில் யுத்தம் வந்தால் ஒளிந்துகொள்ள ஓர் அறை இருக்கும். கெட்டியான சிமெண்டுச் சுவர், இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது. அரிசி மூட்டை, பெட்டிகள், குழந்தையின் பழைய தொட்டில், அவற்றுக்கு நடுவில் ஒரு மெத்தை. முதல் நாள் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்னக்கா, மேகசின்ல படுக்கச் சொல்றீக?" எங்கள் பக்கத்தில் வெடிமருந்தும் செய்து முடித்த வெடியும் பூட்டி வைக்கிற கட்டடத்துக்கு மேகசின் என்று பேர். எனக்கும் சிரிப்பு வந்தது. அலுவலகத்தில், விருந்துகளில் இந்தக் கதையைச் சொல்லிப் பலரையும் சிரிக்க வைத்திருக்கிறேன். ராத்திரி அந்தக் கதவைச் சாத்தாமல் ஒரு செருப்பை இடையில் வைத்துத்தான் அவள் தூங்கினாள் என்பதை அந்தக் கதையில் நான் சேர்த்ததே இல்லை.

வாரம் ஒரு நாள் ஓய்வு என்பது 2013 ஜனவரி 1-லிருந்து சட்டமாகியிருந்தது. பணிப்பெண் ஒத்துக்கொண்டால் ஓய்வுக்குப் பதிலாக ஒரு நாள் சம்பளம் கூடுதலாகக் கொடுக்கலாம். நாங்கள் ஓய்வும் கொடுக்கவில்லை, பணமும் கொடுக்கவில்லை. அந்த 450-லேயே "ஓய்வுநாள் பணம் உட்பட" என்று எழுதி ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டோம். கேட்டதும் போட்டாள். அக்கா நீட்டுகிற தாளில் போடாமல் என்ன செய்வாள்? லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில் வீரமாகாளியம்மன் கோயிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும் என்று பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதை அங்கே செலுத்தலாமா என்று அவளுக்கு ஒரு சந்தேகம், பூசாரியைக் கேட்க வேண்டுமாம். சரி போய்வா என்று சொல்லலாம் என்றுதான் இருந்தேன். 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, தேக்காவில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டுச் செத்து, கலவரமாகி, போலீஸ் வண்டியெல்லாம் எரிந்தது. மறுநாள் பேப்பரை அவள் முன்னால் போட்டேன். "பாத்தியா?" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. ஞாயிற்றுக்கிழமைச் சமையல் என் தலையில் விழாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பணிப்பெண்ணுக்கு மருத்துவச் சோதனை, கர்ப்பம் உட்பட. அவளோடு நானே போய், அவளுக்கு முன்னால் முடிவை வாங்கிப் படித்தேன். படித்துவிட்டு அவளைப் பார்த்துத் தலையாட்டினேன். என்ன எழுதியிருந்தது என்று நான் சொல்லவுமில்லை, அவள் கேட்கவுமில்லை.

எதைச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேனோ அது இதெல்லாம் இல்லை. போன்தான்.

அவள் போன் என் அலமாரியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் எடுத்துக் கொடுப்பேன். போன் கையில் இருந்தால் குழந்தையைக் கவனிக்க மாட்டாள், எவனாவது பேச ஆரம்பிப்பான், இதுதான் காரணம். பாஸ்போர்ட்டும் அதே அலமாரியில்தான். இரண்டாம் வருடம் ஒரு வேலைநாளில் மத்தியானம் தொலைக்காட்சியின் அடியில் ஒரு வரி ஓடியிருக்கிறது: சிவகாசி அருகே பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. ஊர் பேர் இல்லை, ஆபீஸ் பேர் இல்லை. அவள் தம்பி ஒரு ஆபீஸில் மருந்து கலக்குகிற வேலையில் இருந்தான். வீட்டுத் தொலைபேசியிலிருந்து என் அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். வெளிநாட்டுக்குப் பேசும் வசதியை அந்தத் தொலைபேசியில் நான் நிறுத்தி வைத்திருந்தேன்.

"அக்கா, ஊர்ல வெடிச்சிருச்சாம். போன் எங்க வச்சிருக்கீக?"

"அலமாரி பூட்டியிருக்கு. சாயங்காலம் வந்து தாரேன்."

"எந்தப் பக்கம்னு மட்டும் கேட்டுச் சொல்றீகளாக்கா?"

கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தேன். கூட்டம் இருந்தது. கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தூரத்தில் சத்தம் கேட்டதும் பொம்பளைகள் போட்டது போட்டபடி ரோட்டுக்கு ஓடி வருவார்கள். எந்தப் பக்கம் புகை? அதுதான் முதல் கேள்வி. வடக்கே என்றால் ஒரு வீட்டு ஆள், மேற்கே என்றால் இன்னொரு வீட்டு ஆள். ஆபீஸ் வண்டி திரும்பி வந்து ஆள் இறங்குகிற வரைக்கும் யாரும் உள்ளே போக மாட்டார்கள். அந்த ரோட்டில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

சாயங்காலம் போய் அலமாரியைத் திறந்து போனை நீட்டினேன். கை நடுங்கியதில் முதலில் தப்பான நம்பரைப் போட்டாள். தம்பிக்கு ஒன்றுமில்லை, விபத்து வேறெங்கோ. போனை அணைத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சப்பாத்திக்கு மாவு பிசையப் போனாள். நான் பின்னாலேயே போய், "பாத்தியா, ஒண்ணுமில்லைல?" என்றேன்.

அன்றிலிருந்து அவள் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. மேடம் என்றாள். நான் அதைக் கொழுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

2015-இல் ஒப்பந்தம் முடிகிற நேரம், எங்கள் புளோக்கிலேயே இன்னொரு குடும்பம் அவளை 600 வெள்ளிக்கு, ஞாயிறு லீவோடு, எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. லிப்டில் பேசி முடித்திருக்கிறாள். அன்றைய நடைமுறைப்படி வேறு வீட்டுக்கு மாற என் சம்மதம் வேண்டும். என் கணவர் விட்டுவிடச் சொன்னார். நான் விடவில்லை. "நம்ம ஊர்ல அவ வீட்டுக்கு நாமதான் பதில் சொல்லணும்" என்றேன். அதுவும் பொய். என் பிள்ளைகளை வளர்த்தவள் இரண்டு மாடி தள்ளி இன்னொரு வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பதை நான் பார்க்க வேண்டியிருக்கும், எங்கள் வீட்டுக் கதை அங்கே போகும். வேலை அனுமதியை ரத்துசெய்து, திருச்சிக்கு டிக்கெட் போட்டு அனுப்பினேன். கடனெல்லாம் கழிந்து மிச்சமிருந்த பணத்தில் தம்பிக்கு ஒரு பழைய பைக் வாங்கிக் கொடுத்தாளாம்.

அவள் திரும்பிப் போனது பட்டாசு ஆபீஸுக்குத்தான். சரம் பின்னும் வேலைக்கே. 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்தபோது அந்த வேலையும் போயிற்று. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. மருந்திலிருந்து மீட்டவள் என்று என்னைச் சொல்லிக்கொண்டேனே, அவளை விமானம் ஏற்றித் திரும்பவும் மருந்துக்கு அனுப்பியவளும் நான்தான்.

இதையெல்லாம் நான் குற்றமாக நினைக்கவே தொடங்கியது 2021-இல். சிங்கப்பூரில் பணிப்பெண்ணாக இருந்த மியன்மார்ப் பெண் பியாங் ஙை டொன் வழக்கில் அந்த வருடம் தீர்ப்பு வந்தது. 2016 ஜூலையில் செத்தபோது அவள் எடை 24 கிலோ. அவளைச் சித்திரவதை செய்தது ஒரு தமிழ்க் குடும்பம். முதலாளியம்மாவுக்கு 30 வருடச் சிறை. செய்தியைப் படித்த எல்லாத் தமிழர்களையும்போல நானும் துடித்தேன், பேய்கள் என்றேன். எங்கள் வீட்டில் இருந்தவளை நான் ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லையே என்று மனசு உடனே எனக்குச் சான்றிதழ் எழுதிக்கொண்டது. பிறகு ஒரு வரியில் வந்து நின்றேன். வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பெண்ணுக்குப் போட்ட நிபந்தனை: போன் கூடாது, விடுமுறை கூடாது, அதற்காகக் கொஞ்சம் கூடுதல் சம்பளம். எங்கள் வீட்டு நிபந்தனையும் அதேதான். கூடுதல் சம்பளம் மட்டும் நாங்கள் கொடுக்கவில்லை.

2023-லிருந்து மாதம் ஒரு நாளாவது பணிப்பெண்ணை வெளியே விட்டே ஆக வேண்டும், காசு கொடுத்தும் தட்ட முடியாது என்று அங்கே சட்டம் மாறிவிட்டது. நான் இருந்த காலத்தில் வந்திருந்தால் சட்டத்தைத்தான் திட்டியிருப்பேன்.

இப்போது விருதுநகரில் அம்மாவோடு இருக்கிறேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு அம்மா தங்கி வேலை பார்க்கிறார். வந்த அன்றே சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போயிருவேன் தாயி. போன் என் இடுப்புலதான் இருக்கும்." சரி என்று தலையாட்டினேன். என்ன திமிர் என்று உள்ளே ஒரு குரல் சொல்லத்தான் செய்தது. அது போகிற மாதிரி தெரியவில்லை.

நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 450-ஐ 26-ஆல் வகுத்தால் ஓர் ஓய்வுநாளுக்கு 17 வெள்ளிச் சொச்சம். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இன்றைய விலையில் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் வருகிறது. அவள் தம்பியின் ஜிபே நம்பர் என்னிடம் இருக்கிறது. அனுப்பவில்லை. "வேணாம்க்கா" என்று அவள் சொல்லிவிட்டால் எனக்கு எவ்வளவு சௌகரியம் என்று தெரியும், அந்த ஆசை அசிங்கமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. அவள் வாங்கி வைத்துக்கொண்டு, தைலத்துக்குப் பிடித்தது, கிண்ணத்துக்குப் பிடித்தது எல்லாம் இதில் சேரவில்லையே என்று சரியாகக் கேட்டுவிடுவாள். சரம் பின்னிக் கூலி எண்ணி வாங்கியவளுக்குக் கணக்குத் தப்பாது.