அம்பத்தூரில் ஒரு கொலு

சென்னை ஸென்ட்ரலிலிருந்து மேற்கே செல்லும் மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்தால், பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, நம்மை அம்பத்தூரில் கொண்டு சேர்த்துவிடும். இந்தப் பிரதேசத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் தொழிற்சாலைகளைத்தான் சொல்வார்கள். 1949-ல் ஆரம்பமான சைக்கிள் கம்பெனி இங்கேதான் தன் ஆலையை அமைத்தது. அடுத்துள்ள ஆவடியில் 1955-ல் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ மாதிரிச் சமுதாயமே தேசத்தின் லட்சியம் என்று தீர்மானித்தது. 1961-ல் டாங்கி செய்யும் தொழிற்சாலையும் அங்கே ஏற்பட்டது. இப்படி இரும்பும் எண்ணெயும் மணக்கும் ஊருக்குப் பொம்மை பார்க்கப் போகிறோம் என்று சொன்னால், நண்பர்கள் சிரிக்கமாட்டார்களா? சிரிக்கத்தான் செய்தார்கள். ஆயினும் சென்ற நவராத்திரியில் ஒரு நாள் மாலை புறப்பட்டுவிட்டோம்.

நாம் தேடிப் போன வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. வாசற்கதவில், "ஒன்பது நாளும் மாலை ஆறு மணி முதல் எல்லோரும் கொலு பார்க்க வரலாம்" என்று எழுதி ஒட்டியிருந்தது. அதன் கீழே வேறொரு கையெழுத்தில், "சுண்டலும் உண்டு" என்று கண்டிருந்தது. தெருக் குழந்தைகள் வரிசையாக நின்றதற்குக் காரணம் எந்த வாக்கியம் என்பதை நாம் ஆராயவில்லை.

கூடத்தில் ஒன்பது படிகள். உச்சியில் மரப்பாச்சித் தம்பதிகள். கீழே தசாவதாரம், அஷ்டலக்ஷ்மி, கல்யாண ஊர்வலம். இவை எல்லா வீடுகளிலும் உள்ளவைதாம். ஆனால் படிகளுக்கு முன்னால், மற்றவர்கள் கேழ்வரகு முளைக்கவைத்துக் கண்ணாடியால் குளம் அமைக்கும் இடத்தில், ஓர் ஊரே எழும்பியிருந்தது. அவ்வளவும் விரல் நுனி அளவுள்ள பிளாஸ்டிக் செங்கற்கள்! அம்பத்தூர் ஸ்டேஷன், அதில் நிற்கும் ரயில், ஆவடி டாங்கி, ஏரிக்கரை, எல்லாவற்றுக்கும் மேலாகத் திருமுல்லைவாயில் கோயில். ஒவ்வொரு வரிசையையும் ஒரு குமிழ் உள்ளே தள்ளி அடுக்கி, கோபுரத்தை மேலே போகப் போகக் குறுக்கியிருந்தார்கள். சந்நிதியில் உள்ள எருக்கந்தூண்கள் இரண்டையுங்கூட மறக்கவில்லை.

இத்தனையும் கட்டியவள் அவ்வீட்டுப் பேத்தி; இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இந்த விளையாட்டுச் செங்கல்லின் பூர்வோத்தரத்தை அவளே நமக்கு எடுத்துச் சொன்னாள். டென்மார்க் தேசத்தில் பில்லுண்ட் என்ற சிறு ஊரில் ஒரு தச்சர், தொழில் மந்தமான 1932-ல் மரப் பொம்மைகள் செய்ய ஆரம்பித்தார். "நன்றாக விளையாடு" என்று பொருள்படும் டேனிஷ் சொற்களைச் சுருக்கி, "லெகோ" என்று பெயர் வைத்தார். மேலே குமிழும் அடியில் குழாயும் வைத்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளச் செய்யும் யுக்தி 1958-ல் பதிவாயிற்று. அன்று வார்த்த கல்லும் இன்று வார்த்த கல்லும் அப்படியே பொருந்துமாம். எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கற்கள் ஆறு இருந்தால் போதும்; அவற்றை 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணித நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நமக்குத் தலை சுற்றியது.

பாட்டியம்மாளுக்குச் சுற்றவில்லை. "ஒரு பெட்டி என்ன விலை தெரியுமா? அந்தப் பணத்துக்குக் கொசப்பேட்டையில் ஒரு படி நிறையப் பொம்மை வாங்கலாம்" என்றார். நம் மனத்தில் இருந்ததும் அதுவே. அயல்நாட்டுப் பெட்டிகள் வந்து குவிந்தால், தலைமுறை தலைமுறையாக மண்ணைப் பிசைந்து தெய்வம் செய்யும் நம் குயவர்கள் என்ன ஆவார்கள்?

"அப்படியானால் மூன்றாம் படியில் இருப்பவர் யார், அம்மா?" என்று கேட்டோம். அங்கே, அரிசியும் பருப்பும் நிரப்பிய குட்டிப் பித்தளைக் கிண்ணங்களுக்குப் பின்னால், செட்டியாரும் அவர் மனைவியும் கடை விரித்திருந்தார்கள். இருவரும் பிளாஸ்டிக் செங்கற்களால் ஆனவர்கள்!

பாட்டியம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டி மூழ்கிவிட்டது. மண் பொம்மைகள் வர்ணம் இழந்தன. காகிதக்கூழ்ப் பொம்மைகள் மீண்டும் கூழாயின. அவர் கல்யாணத்துக்குத் தாயார் கொடுத்த செட்டியார் தம்பதிகளும் அவற்றோடு போய்விட்டார்கள். பேத்தியின் செங்கற்கள் மட்டும் முற்றத்தில் மிதந்தன. எட்டு வயதுக் குழந்தை அவற்றை வாளியில் பொறுக்கிச் சேர்த்தாள்.

"கடையில் வேறு செட்டியார் கிடைப்பார். அம்மா கொடுத்தவர் கிடைப்பாரா? அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருந்தேன். நாலு வருஷம் கழித்து இவள் இதைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். படியில் மண்ணும் மரமுந்தான் வைப்பேன் என்று சொல்லிவிட்டேன். இவள் ஒன்றும் பேசாமல் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். ராத்திரி விளக்கை அணைக்க வந்தேன். செட்டியார் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நானே தூக்கிப் படியில் வைத்தேன்."

அதுமுதல் அவ்வீட்டில் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. செங்கல் பெட்டி ஒன்று வாங்கினால், கொசப்பேட்டையிலிருந்து புது மண் பொம்மை ஒன்றும் வரவேண்டும். வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர்ப்பது நம் பெரியோர் ஏற்படுத்திய வழக்கந்தானே? நம் கவலைக்கு இந்த வீட்டார் நம்மைக் கேளாமலே பரிகாரம் செய்துவிட்டார்கள். ஊருக்கு ஊர் இப்படிப் பத்து வீடுகள் இருந்தால், குயவரின் திரிகை நிற்காமல் சுழலும்.

"விஜயதசமி ஆனதும் இந்த ஊரை என்ன செய்வாய்?" என்று பேத்தியைக் கேட்டோம்.

"எல்லாவற்றையும் பிரித்துப் பெட்டியில் போட்டுவிடுவேன். அடுத்த வருஷம் பூந்தமல்லியைக் கட்டப் போகிறேன்."

"செட்டியாரையுமா?"

அவள் பாட்டியைப் பார்த்துச் சிரித்தாள். பாட்டியம்மாளோ, செட்டியாரை மரப்பாச்சிகளோடு சேர்த்துச் சுற்றிவைப்பதற்காகப் பழைய புடைவை ஒன்றைக் கிழித்துத் தயாராக மடித்து வைத்திருந்தார்.

சுண்டலை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தோம். அன்று கடலைச் சுண்டல். மிகவும் நன்றாக இருந்தது.