உர மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் சிலிண்டர்

கிராமத்து வீடுகளில் மாற்று சிலிண்டருக்கென்று தனி இடம் கிடையாது. அடுப்படியில் ஒன்று நிற்கும். நிறைந்து வந்த இன்னொன்று, யூரியா, பொட்டாஷ், கைத்தெளிப்பான், மோட்டாருக்கு வாங்கிய ஆயில் எல்லாம் கிடக்கும் அறைக்குப் போய்விடும். குழந்தைகள் புழங்காத இடம், பூட்டி வைக்கிற இடம் என்று யோசித்துத்தான் வைக்கிறார்கள். ஆனால் இரும்பும் பித்தளையும் கெட்டுப்போக ஒரு விவசாயி வீட்டில் இதைவிடத் தோதான இடம் வேறில்லை.

பொட்டாஷ் என்பது குளோரைடு உப்பு. அடைமழைக் காலத்தில் மூட்டை ஈரம் கண்டு அடியில் கசியும். அந்த உப்புத் தண்ணீர் பட்ட இரும்பு என்ன ஆகும் என்று, உர அறையில் மண்வெட்டியைப் போட்டு வைத்து எடுத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யூரியா நனைந்து சிதைந்தால் அமோனியா கிளம்பும். கோழிக் கொட்டகையில் கண்ணைக் கரிக்கிற வாடையும் அதே அமோனியாதான். அது பித்தளைக்கு ஆகாது. சிலிண்டரின் வால்வோ பித்தளை. வால்வில் நீலப்பச்சையாகப் பூத்திருந்தால் அது அழுக்கல்ல, அரிப்பு. துடைத்துவிட்டு ரெகுலேட்டரை மாட்டக் கூடாது.

ஒரத்தநாடு பக்கம் ஒரு வீடு. மூன்று ஏக்கர் நெல், இரண்டு கறவை மாடு. ஆவணியில் வந்த நிறை சிலிண்டர் பொட்டாஷ் மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே நின்றது. வால்வின் வாயை மூடும் வெள்ளை மூடியை, நூலை அறுத்துப் பேரன் பம்பரமாக்கி, எங்கேயோ தொலைத்துவிட்டான். யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஐப்பசியில் ஒரு விடியற்காலை, தவிடு எடுக்க மருமகள் அந்த அறைக் கதவைத் திறந்தார். அழுகிய முட்டைக்கோஸ் போல ஒரு வாடை. பழக்கத்தில் கை சுவிட்சுக்குப் போனது.

“ஏ புள்ள, லைட்டப் போடாத!” என்று பின்னாலிருந்து மாமியார் போட்ட சத்தத்தில் கை நின்றது.

பக்கத்து அறையில் பிள்ளைகள் இருவரும் பாய் போட்டுத் தரையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. வயலில் தண்ணீர் தாழ்ந்த பாத்தியைத் தேடிப் போவதுபோல, அது தரையோடு தரையாகப் பரவும். அந்தப் பழைய வீட்டில் நிலைப்படி உயரம் என்பதால் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தேங்கியிருந்தது. மாமியார் பிள்ளைகளை வாரிக்கொண்டு தெருவுக்குப் போனார். மருமகள் ஜன்னல்களைத் திறந்தார். மகன் சிலிண்டரைச் சாய்க்காமல் தூக்கிக் கொண்டுபோய் நடுக் களத்தில் நிறுத்தினார். போட்ட விளக்கை அணைக்கவும் இல்லை, அணைந்ததைப் போடவும் இல்லை. சுவிட்சை எந்தப் பக்கம் தட்டினாலும் பொறி வரும் என்பது பலருக்குத் தெரியாது. செல்போனையும் தெருக்கோடிக்குப் போன பிறகுதான் எடுத்தார்கள். எண் 1906, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

வந்த மெக்கானிக் கண்டது இரண்டு பழுது. மூடியில்லாத வால்வு வாயில் உரத்தூளும் ஈரமும் இறங்கி, நடுவிலுள்ள ஊசி சரியாக உட்காரவில்லை. கசிந்தது அதன் வழியாக. இரண்டாவது, சிலிண்டர் நிற்கும் அடி வளையத்தில் துரு தின்றிருந்தது. அதன் மேல் புதுச் சிவப்புப் பெயின்ட். ஆயுத பூஜைக்கு டிரெய்லருக்கு அடித்த மிச்சம். ஏஜென்சியில் பணம் கேட்பார்களோ என்ற பயத்தில் மகன் பூசி மறைத்திருந்தார். அந்தத் துரு வரும்போதே இருந்ததுதான். யாரும் அடியைப் பார்க்கவில்லை.

இந்தப் பயம் பல வீடுகளில் உண்டு. ஒடுங்கிய, துருப்பிடித்த, வால்வு ஆடுகிற சிலிண்டரை ஒன்றும் சொல்லாமல் காலியோடு காலியாகத் திருப்பிவிடுகிறார்கள். நிரப்பும் ஆலையில் சோதித்துக் கழிப்பது வழக்கம்தான். ஆனாலும் பழுதைப் பெயின்ட் பூசி அனுப்புவது, முளைக்காத விதை என்று தெரிந்தே அடுத்த வீட்டுக்காரருக்கு அளந்து கொடுப்பதுபோல. அடுத்து அது யார் வீட்டு அடுப்படியில் நிற்குமோ. டெலிவரி செய்பவரிடம் சொல்லி, சிலிண்டரில் சாக்பீஸால் பழுது என்று எழுதிக் கொடுப்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

வாங்கும்போதே பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறம் ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். பி 27 என்றிருந்தால் 2027 ஜூனுக்குள் அந்தச் சிலிண்டர் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும். தேதி கடந்திருந்தாலோ, அடி வளையம் ஆடினாலோ, உடம்பில் ஆழமான பள்ளம் இருந்தாலோ வேண்டாம் என்று சொல்லலாம். எடை போட்டுக் காட்டுவதும், கசிவு பார்த்துக் கொடுப்பதும் கொண்டுவருபவரின் கடமை. “நேரமாச்சுக்கா” என்று அவர் அவசரப்படுவார். படட்டும்.

துருப்பிடித்த சிலிண்டர் தானாக வெடிக்குமா என்று பலரும் கேட்கிறார்கள். தானாக வெடிப்பது அபூர்வம். கசிந்த கேஸ் தீப்பிடித்து, அந்தத் தீ சிலிண்டரைச் சூடாக்குவதில்தான் பெரும்பாலும் விபரீதம் நடக்கிறது. அதனால்தான் கடைசிச் சொட்டு கேஸுக்காகச் சிலிண்டரைப் படுக்க வைப்பதும், வெந்நீர் அண்டாவில் இறக்குவதும் கூடாது. படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் ஓடும். கசிவு பார்க்கச் சோப்பு நுரை போதும். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி வேண்டாம். சுரக்ஷா குழாயை 5 ஆண்டில் மாற்றிவிட வேண்டும். எலி கடித்திருந்தால் அன்றைக்கே.

கோழிக்குஞ்சுக்கு வெப்பம் கொடுக்க வீட்டுச் சிலிண்டரைக் கொட்டகைக்குத் தூக்கிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்கு எடுப்பது விதிப்படி தவறு. எண்ணெய் நிறுவனங்கள் வாடிக்கையாளர்களுக்காக எடுத்துள்ள விபத்துக் காப்பீட்டில் பொருள் சேதத்துக்கான இழப்பீடும் பதிவான முகவரிக்குத்தான். போதாததற்கு, மேலே சொன்ன அமோனியாவும் அங்கே இருக்கிறது.

அறுவடைக்கு முன்னால் ஊருக்கு வரும் வெல்டிங் வண்டி வேறு கதை. கருப்பு நிறத்தில் நிற்பது ஆக்சிஜன். நிறைந்திருக்கும்போது அதற்குள் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அளவுக்கு அழுத்தம். டிராக்டரின் பின் டயரில் இருப்பது சுமார் 1 கிலோதான். வரப்பில் உருட்டும்போது அது சாய்ந்து வால்வு ஒடிந்தால், சிலிண்டர் ராக்கெட் போலப் பாயும், சுவர் நிறுத்தாது. எடுத்துப் போகும்போது வால்வுக்கு மூடி போட்டிருக்க வேண்டும். வேலை நடக்கும்போது நிமிர்த்திச் சங்கிலியால் டிரெய்லரிலோ மரத்திலோ கட்டியிருக்க வேண்டும். மெரூன் நிறத்து அசிட்டிலீன் சிலிண்டரையும் படுக்க வைத்துப் பயன்படுத்தக் கூடாது. உள்ளே கேஸைக் கரைத்து வைத்திருக்கும் அசிட்டோன் வெளியே வந்துவிடும்.

உழவருக்குத் தெரியாமல் போவது எண்ணெய் விஷயம். ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் அந்த அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் கிரீஸ் மேல் பட்டால், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வால்வு இறுகிவிட்டது என்று யாராவது ஒரு சொட்டு ஆயில் விடப் போனால் தடுத்துவிடுங்கள். ரோட்டவேட்டருக்குக் கிரீஸ் அடித்த கையோடு, “நான் திறந்து விடுறேண்ணே” என்று உதவிக்குப் போகவும் வேண்டாம். வெல்டிங்காரர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு அவரே திறக்கட்டும்.